பாய் விரித்த வகுப்பறை

கரும்பு அரவை தொடங்கிவிட்டால் திருக்கோவிலூர் சுற்றுவட்டாரக் காலனிகளில் பல வீட்டுக் கதவுகளில் பூட்டுத் தொங்கும். பெரியசெவலை, மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆலைகளுக்காகக் கரும்பு வெட்டப் போகிறவர்கள் ஒரு பக்கம். செங்கல் சூளைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு வெளியூர் கிளம்புகிறவர்கள் இன்னொரு பக்கம். கல்வராயன் மலையிலிருந்தும் பழங்குடி மக்கள் தோட்ட வேலைக்கு இறங்கிப் போகிறார்கள். பார்த்துக்கொள்ளப் பாட்டி இருந்தால் பிள்ளை ஊரில் தங்கும். இல்லையென்றால் அதுவும் மூட்டை முடிச்சோடு லாரியில் ஏறிவிடும்.

மூன்று நான்கு மாதம் கழித்து அந்தப் பிள்ளை பள்ளிக்குத் திரும்பி வருகிறது. கூட்டல் கணக்கில் விட்டுப்போன பிள்ளைக்கு முன்னால் கரும்பலகையில் வகுத்தல் ஓடிக்கொண்டிருக்கும். ஆசிரியருக்குப் பாடத்தை முடித்தாக வேண்டும். அவர் பின்னால் திரும்பிப் போக முடியாது, பிள்ளையால் முன்னால் ஓடிப்போய்ப் பிடிக்கவும் முடியாது. பிறகு என்ன, கடைசி வரிசைதான். நம்மில் பலர் அந்த வரிசையில் உட்கார்ந்து எழுந்து வந்தவர்கள். எழுந்து வராமலே நின்றுபோனவர்கள் அதைவிட அதிகம்.

புதிய கற்பித்தல் முறை, புதிய கருவி என்று எது வந்தாலும் இந்தப் பிள்ளையை அதன் முன்னால் நிறுத்தித்தான் நாம் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால், கடந்த இருபது ஆண்டுகளில் வந்தவற்றில் செயல்வழிக் கற்றலுக்குத் தனி இடம் உண்டு. இப்போது கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகள் பலர் அந்த அட்டைகளில்தான் எழுத்துக் கற்றார்கள். அது எங்கிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே ரிஷிவேலி கிராமக் கல்வி மையம், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளையும் கவனிக்கும் பள்ளிகளுக்காகப் படிப்படியான அட்டைகளை உருவாக்கியிருந்தது. வேலூரில் ஆட்சியராக இருந்த எம்.பி. விஜயகுமார், கொத்தடிமைத் தொழிலிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளுக்குப் படிப்புச் சொல்லித்தர வழி தேடியபோது அந்த முறையைக் கண்டார். பின்னர் அவர் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் அது தொடங்கியது. 2007-08இல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளின் 1 முதல் 4ஆம் வகுப்பு வரை வந்துவிட்டது. முதலாளியிடம் அடமானமாகக் கிடந்த பிள்ளைகளுக்காகத் தேடிய வழி, கடைசியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆனது. இந்த வரிசையை நாம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நம் பிள்ளைகளுக்கு ஏதோ மிச்சம் மீதி வருகிறது என்று நினைக்கிறவர்களுக்கு இது பதில்.

அந்த வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். பெஞ்சு கிடையாது. தரையில் பாய். சுவரின் அடியில், பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் தாழ்நிலைக் கரும்பலகை, ஆளுக்கு ஒரு கட்டம். தலைக்கு மேலே கம்பிப்பந்தல், அதில் பிள்ளைகள் வரைந்த படங்கள். வருகைப்பதிவைப் பிள்ளைகளே போட்டுக்கொள்வார்கள். சுவரில் ஏணிப்படி அட்டவணை ஒட்டியிருக்கும். எந்தப் படியில் விட்டதோ அந்தப் படியின் அட்டையைப் பிள்ளையே தட்டிலிருந்து எடுத்து, அதற்குரிய குழுவில் போய் உட்காரும். ஆசிரியர் உதவியோடு கற்கும் குழு, சக மாணவர் உதவியோடு கற்கும் குழு, தானே கற்கும் குழு என்று வட்டம் வட்டமாக இருப்பார்கள். ஆசிரியரும் நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் உட்கார வேண்டும்.

சூளையிலிருந்து திரும்பிய பிள்ளை இங்கே எதையும் தவறவிடவில்லை. பதினேழாவது அட்டையில் விட்டிருந்தால் பதினேழாவது அட்டை அங்கேயே காத்திருக்கும். வகுப்பு முன்னால் போய்விட்டது என்கிற பேச்சுக்கே இடமில்லை.

இன்னொன்றும் நடந்தது. இதை அரசு ஆவணம் எதிலும் நாம் படித்ததில்லை. வட்டத்துக்குக் கடைசி வரிசை கிடையாது. குழு, தெருவைப் பார்த்துப் பிரிவதில்லை, அட்டையைப் பார்த்துப் பிரிகிறது. ஊர்த்தெருப் பிள்ளைக்குக் கழித்தல் வரவில்லை, காலனிப் பிள்ளைக்கு வந்துவிட்டது என்றால், சொல்லிக்கொடுக்கிறது காலனிப் பிள்ளைதான். ஒரே பாயில், தோளோடு தோள் உரச. தேநீர்க் கடையிலும் கோயில் வாசலிலும் நடக்காதது அங்கே முக்கால் மணி நேரம் நடந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை வந்த படைப்பாற்றல் கல்வியிலும் இதுபோலத்தான். பாடத்தைத் தானே படித்து, புதிய சொல்லை அடிக்கோடிட்டு, மனவரைபடம் போட்டு, குழுவில் பேசி, பிறகு முன்னால் வந்து சொல்ல வேண்டும். வகுப்பில் வாயே திறக்காத பெண் பிள்ளைக்கும் ஒருநாள் முறை வந்தே தீரும்.

குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. 'வாத்தியார் பாடமே நடத்துவதில்லை, பிள்ளைகள் அட்டையை வைத்து விளையாடுகிறார்கள்' என்று பெற்றோர் பலர் சொன்னார்கள். வீட்டுக்குக் கொண்டுவரப் புத்தகமும் இல்லை, வீட்டுப்பாடமும் இல்லை என்றால் எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்குப் பிள்ளை படிக்கிறதா என்று எப்படித் தெரியும்? அந்தக் கவலை நியாயமானது. கிழிந்த அட்டைக்கு மாற்று வராத பள்ளிகளும் இருந்தன. ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் என்றால், ஒருவர் பயிற்சிக்குப் போன நாளில் வட்டம் கலைந்துவிடும். 2018இல் புதிய பாடநூல்கள் வரத் தொடங்கிய பின்னர் அட்டைகள் மெல்ல அலமாரிக்குப் போயின.

அதற்கு முன்பே பாயின் ஒரு பக்கம் காலியாகத் தொடங்கியிருந்தது. ஊர்த்தெருவுக்குள் தனியார் பள்ளி வேன் வந்தது. வசதியுள்ளவர்கள் பிள்ளைகளை ஆங்கிலவழிக்கு மாற்றினார்கள். பல ஊர்களில் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் மிஞ்சியவர்கள் காலனிப் பிள்ளைகள் மட்டும்தான். காலனிக்குள்ளேயே ஆதிதிராவிடர் நலப் பள்ளி இருக்கும் ஊர்களிலும், மலைமேல் உள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் இந்தக் கலப்பு முதலிலிருந்தே கிடையாது. சேர்ந்து உட்காரச் சொல்லிக்கொடுக்கும் முறை இருந்தும், சேர்ந்து உட்கார ஆள் இல்லை.

நம் பிள்ளைகளை வைத்துப் புதிய முறைகளைச் செய்து பார்ப்பது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 1894இல் சென்னை அடையாறில் கர்னல் ஆல்காட் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளியும் அதன் கிளைகளும், 1900களின் தொடக்கத்திலேயே கிண்டர்கார்டன் முறையை எடுத்துக்கொண்டன. கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியில் இருக்கக் கிடைக்கும் காலம் குறைவு, அதற்குள் எழுத்தும் கணக்கும் வந்தாக வேண்டும் என்பது அன்றும் சிக்கல்தான்.

இனி திரைக்கு வருவோம். 2011இல் விலையில்லா மடிக்கணினி வந்தது. 2018 பாடநூல்களில் கியூஆர் கோடு அச்சானது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அடுத்த ஆண்டே கொரோனா வந்து பள்ளிகளைப் பூட்டியது. அப்போதுதான் திரை மட்டுமே பள்ளிக்கூடம் ஆனால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் புரிந்தது. 2017-18 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தது 4.4 சதவீதத்தில், இணைய வசதி இருந்தது 14.9 சதவீதத்தில். வீட்டில் ஒரே ஒரு போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். மலைக்கிராமங்களில் போன் இருந்தாலும் டவர் கிடைக்காது. 2006க்குப் பிறகு அரசு கொடுத்த வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்த வீடுகளில் மட்டும் கல்வித் தொலைக்காட்சி கொஞ்சம் கைகொடுத்தது. படிப்புக்கென்று கொடுத்த பெட்டி அல்ல அது.

பள்ளி திறந்த பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். 2021 அக்டோபர் 27 அன்று நம் பக்கத்து விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில், படித்துவிட்டு வீட்டிலிருந்த பெண்கள் மாலையில் தெருப் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துப் பாட்டும் விளையாட்டுமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அபிஜீத் சிங், மௌரீசியோ ரோமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியல் ஆய்வாளர்கள், தமிழ்நாட்டின் 220 கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைக் கொரோனாவுக்கு முன்னும் பின்னும் சோதித்துப் பார்த்தார்கள். பூட்டியிருந்த காலத்தில் இழந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் திரும்பக் கிடைத்திருந்தது. அப்படித் திரும்பியதில் சுமார் கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்பது அவர்கள் கணக்கு. அந்த வகுப்பில் இருந்ததெல்லாம் ஒரு திண்ணையும், பக்கத்து வீட்டு அக்காவும்தான்.

காலனியில் பி.ஏ., பி.எட். முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த நம் பெண்களை ஊரே 'டீச்சர்' என்று கூப்பிட்டது அப்போதுதான். ஆனால் அந்தத் திண்ணை எந்தத் தெருவில் இருந்தது, அங்கே எந்தத் தெருப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள் என்று அவரவர் ஊரை நினைத்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கு ஏற்பக் குழு, பாட்டு, பொம்மலாட்டம், பயிற்சி நூல். செயல்வழிக் கற்றலின் நல்ல கூறுகள் வேறு பெயரில் திரும்பியிருக்கின்றன என்றே நாம் பார்க்கிறோம். கூடவே போனும் வந்துவிட்டது. பிள்ளைகளை ஒவ்வொருவராகச் செயலியில் மதிப்பிட வேண்டும், எமிஸ் தளத்தில் வருகை முதல் நலத்திட்டப் பொருள்கள் வரை பதிய வேண்டும். இந்தப் பதிவு வேலையிலிருந்து விடுவியுங்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் பலமுறை கோரிவிட்டன. ஈராசிரியர் பள்ளியில் ஓர் ஆசிரியர் இணையம் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நேரம், நம் பிள்ளையின் பாயிலிருந்து எடுத்த நேரம்தான்.

திரை வேண்டாம் என்பதல்ல நம் பேச்சு. இதயம் துடிப்பதையும் எரிமலை வெடிப்பதையும் படத்தில் காட்டினால் புரிகிற வேகம் வேறு. பாட ஆசிரியர் இல்லாத மலைப் பள்ளிக்கு நல்ல காணொலி பெரிய துணை. விலையில்லா மடிக்கணினியை வைத்துக்கொண்டு பொறியியல் முடித்த முதல் தலைமுறைப் பிள்ளைகள் நம் காலனிகளிலேயே இருக்கிறார்கள். ஆனால் தொடுதிரைப் பலகை மாட்டிய வகுப்பறையில் பிள்ளைகள் மறுபடியும் வரிசையாக, முன்னால் பார்த்துக்கொண்டு, பேசாமல் உட்காருகிறார்கள். வரிசை வந்தால் அதற்குக் கடைசி ஒன்று வந்துவிடுகிறது. அங்கே யார் உட்காருகிறார்கள் என்று ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். கல்வராயன் மலையின் அடிப்படை வசதிகளைப் பற்றி 2024இல் சென்னை உயர் நீதிமன்றமே தாமாக முன்வந்து வழக்கு எடுக்க வேண்டியிருந்தது. அங்கே பலகையை மாட்டுவதோடு வேலை முடிந்துவிடாது. மின்சாரமும் இணையமும் ஆசிரியரும் வேண்டும்.

அந்தத் தொழில்நுட்பம் நம் பிள்ளைக்குப் பயன்பட ஓர் இடம் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் எண் உண்டு. சூளை இருக்கும் ஊரிலோ ஆலைப் பக்கத்திலோ உள்ள அரசுப் பள்ளிக்கு அந்த எண்ணோடு போனால், பிள்ளை யார், எந்த வகுப்பு என்று அவர்களால் பார்க்க முடியும். மாற்றுச் சான்றிதழ் வர நேரமாகிறது என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. பின்தங்கிவிட்ட பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்கிறது 4ஆம் பிரிவு. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். நம் தெருத் தாய்மார்களும் அதில் இருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடாமல், எந்தெந்த வீடு வெளியூர் போகிறது என்ற பட்டியலைக் கூட்டத்தில் வைக்கச் சொல்லலாம்.

கிளம்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லாரி ஏறுவதற்கு முதல் நாள் பள்ளிக்குப் போய் எமிஸ் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளை தமிழில் எங்கே நிற்கிறது, கணக்கில் எங்கே நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். பயிற்சி நூலையும் மூட்டையில் வையுங்கள்.