அச்சுப்பக்கச் சாய்வும் மெய்ப்புள்ளி இழப்பும்: எழுத்துணர்தலுக்கு முந்தைய திருத்தம்

பழந்தமிழ் அச்சுநூல்களின் பக்கப்படங்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் முதலியவற்றின் வழி இன்று பெருமளவில் கிடைக்கின்றன. படத்தில் சொல் தேட இயலாது. எழுத்துணரி மென்பொருள் அதனைப் படித்து எழுத்துரையாக்க வேண்டும். அவ்வாறு ஆக்குகையில் நேரும் பிழைகளுள் ஒரு வகை, எழுத்தை அடையாளம் காண்பதற்கு முன்பே, பக்கம் சாய்ந்து பதிவாவதால் தோன்றுகிறது. தமிழில் அப்பிழைக்கு எளிதில் இரையாவது மெய்ப்புள்ளி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அங்குலத்திற்கு 300 பிக்சல் என்னும் அளவில் வருடப்பட்ட பக்கத்தில் 4 அங்குல வரியின் நீளம் 1200 பிக்சல். பக்கம் 1 பாகை சாய்ந்தால் வரியின் இரு முனைகளும் ஏறத்தாழ 21 பிக்சல் ஏற்ற இறக்கம் கொள்ளும். 3 பாகை சாய்ந்தால் 63 பிக்சல். சிறிய எழுத்தில் நெருக்கி அச்சிட்ட நூலில் இது வரியிடைத் தொலைவையே விஞ்சிவிடும். டெசராக்ட் எழுத்துணரி தன் 4ஆம் பதிப்பு முதல் வரி முழுவதையும் ஒரு தொடராகவே படிக்கிறது. எனவே வரியைப் பிரிப்பது பிழைத்தால் எல்லாம் பிழைக்கும். வரியின் உச்சியில் நிற்கும் மெய்ப்புள்ளி வெட்டுண்டு போகலாம்; மேல்வரியின் பு, மு ஆகியவற்றின் கீழிறங்கு கோட்டோடு ஒட்டியும் போகலாம்.

புள்ளி நீங்கினால் ‘மலர்’ ‘மலர’ ஆகிறது. ‘வளர்’ ‘வளர’ ஆகிறது. இரண்டும் தமிழ்ச் சொற்களே ஆதலால் சொற்பிழை திருத்தி இவற்றைக் காட்டிக்கொடுக்காது. பதிப்பாய்வாளர் இத்தகைய எழுத்துரையை நம்பினால், இயந்திரத்தின் பிழை பாடவேறுபாடாகப் பதிவாகிவிடும்.

சாய்வை அளக்கும் வழிகளுள் எளியது கிடைவீச்சு முறை. படத்தைச் சிறுசிறு கோணங்களில் சுழற்றி, ஒவ்வொரு கிடைவரிசையிலும் உள்ள கரும் பிக்சல்களை எண்ணுவர். வரிகள் நேராகும் கோணத்தில் கருமையும் வெண்மையும் தெளிவாகப் பிரிந்து தோன்றும். வங்க, தேவநாகரி எழுத்துகளின் தலைக்கோட்டையே அளவுகோலாகக் கொண்ட முறையைச் சௌத்ரியும் பாலும் 1997இல் வெளியிட்டனர். தமிழில் தலைக்கோடு இல்லை. எனினும் ட, ப, ம, ய ஆகியவற்றின் தட்டையான அடிப்பகுதிகளை இணைத்தால் விட்டுவிட்டு ஓடும் ஓர் அடிக்கோடு கிடைக்கும்; ழகரம் போன்று கீழிறங்கும் எழுத்துகளை விலக்கிவிட்டு அதனை அளப்பதே பொருத்தமாகும். செய்யுள் நூல்களில் இதுவும் எளிதன்று: வெண்பாவின் ஈற்றடி குறுகியது, குறுகிய வரியில் கோணக் கணிப்பு தடுமாறும். பக்க விளிம்பின் கருநிழலையும் முன்னரே நீக்காவிடின், மென்பொருள் எழுத்தை விட்டு விளிம்பின் சாய்வை அளந்துவிடும்.

திருத்தும்போதும் புள்ளிக்கு ஆபத்து உண்டு. கருப்பு வெள்ளையாக்கிய படத்தைச் சுழற்றினால் விளிம்புகள் சிதையும். சாம்பல்நிற மூலப்படத்தை ஒரே முறை சுழற்றிய பின்னரே கருப்பு வெள்ளையாக்க வேண்டும். தூசிப்புள்ளிகளை அகற்றும் வடிகட்டி மெய்ப்புள்ளியையும் தூசியாகக் கொள்ளும். ஆதலின் எழுத்தின் நேர்மேலே நிற்கும் புள்ளிகளுக்கு விலக்கு அளிப்பது நன்று.

சுழற்சி எல்லாச் சாய்வையும் தீர்க்காது. மாதவரம் மூலக்கடைச் சந்திப்பில் ஒரு கடையின் பெயர்ப்பலகையைப் பக்கவாட்டில் நின்று கைப்பேசியில் படமெடுத்தால், அண்மையில் உள்ள எழுத்து பெரிதாகவும் சேய்மையில் உள்ளது சிறிதாகவும் விழும். அதற்குப் பலகையின் நான்கு மூலைகளையும் கொண்டு தோற்றத் திருத்தம் செய்ய வேண்டும். தடித்த நூலின் கட்டுப்பகுதியில் வளையும் வரிகளுக்கோ ஒரே கோணம் என்பது இல்லை. அங்கு ஒவ்வொரு வரியின் வளைவையும் தனித்தனியே அளந்து நிமிர்த்த வேண்டியுள்ளது.