காட்டு வழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

வியாபாரி ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு வெளியூர் போவது எளிதல்ல. உடம்பு காரில் இருந்தாலும் மனம் கல்லாப் பெட்டியையே சுற்றி வரும். அப்படியிருந்தும் எடமலைப்பட்டி புதூரிலிருந்து நாங்கள் நான்கு பேர் ஒரு சனிக்கிழமை மதியம் புறப்பட்டோம். அதற்குக் காரணம் எங்களுடன் வந்த தக்காளி மண்டி நண்பர்தான்.

சாமராஜ நகர் பக்கத்திலிருந்து காந்தி மார்க்கெட்டுக்கு வரவேண்டிய அவருடைய லோடு ஒரு நாள் மாலை நேரம் தவறி வந்ததால் மலைக்கு அந்தப் பக்கமே நிறுத்தப்பட்டது. விடியும்வரை காத்துக் கிடந்து திருச்சி வந்து சேர்ந்தபோது வியாபார நேரம் முடிந்துவிட்டது. சரக்கில் பாதி கசிந்துவிட்டது. "நாலு மானுக்காக நம்ம பிழைப்பை நிறுத்துறாங்களே அண்ணாச்சி, அப்படி என்னதான் இருக்கு அந்தக் காட்டிலே? போய்ப் பார்த்துட்டு வருவோம்" என்றார் நண்பர். கிளம்பிவிட்டோம்.

சொந்தக் காரில் காடு பார்க்கலாமா?

தென்னாப்பிரிக்காவில் 1926-ல் அமைந்த க்ரூகர் தேசியப் பூங்காவில் பார்வையாளர்கள் தங்கள் காரைத் தாங்களே ஓட்டிச் சென்று சிங்கம், யானை, காண்டாமிருகம் பார்க்கலாம். ஆனால் சட்டம் கடுமையானது. தார்ச் சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர், மண் சாலையில் 40 கிலோமீட்டர். அதற்கு மேல் போகக்கூடாது. குறித்த இடங்களைத் தவிர வேறெங்கும் காரைவிட்டு இறங்கக்கூடாது. மாலையில் வாசல் அடைக்கும் நேரத்துக்குள் வெளியேறிவிட வேண்டும், தவறினால் அபராதம்.

நம் நாட்டுப் புலிகள் காப்பகங்களுக்குள் இப்படிச் சொந்த வண்டியில் சுற்ற முடியாது. முதுமலையில்கூட தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை வண்டியில்தான் அழைத்துச் செல்வார்கள். ஆனால் காட்டை ஊடுருவிச் செல்லும் பொதுச் சாலைகள் சில உண்டு. சத்தியமங்கலத்திலிருந்து பண்ணாரி, திம்பம், ஆசனூர் வழியாகச் சாமராஜ நகர் செல்லும் 948-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அவற்றில் ஒன்று.

இருபத்தேழு வளைவுகள்

கரூர், ஈரோடு வழியாகச் சென்று இரவு சத்தியமங்கலத்தில் தங்கினோம். காலை 6 மணிக்குப் பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டுச் சோதனைச் சாவடியைக் கடந்தோம். ஒரு காலத்தில் வீரப்பன் பெயரைச் சொன்னாலே பகலிலும் ஆள் போக அஞ்சிய காடு. இன்று 1,400 சதுர கிலோமீட்டர் அளவுள்ள புலிகள் காப்பகம், 2013-ல் அறிவிக்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கும் இடம் இது. முதுமலை, பந்திப்பூர், பிலிகிரிரங்கன் மலை என்று யானைகள் தலைமுறை தலைமுறையாக நடந்து போகும் பாதை.

திம்பம் ஏற 27 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு குரங்குகள் உட்கார்ந்து காரின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தன. யாரோ எப்போதோ பிஸ்கட் போட்டுப் பழக்கியிருக்கிறார்கள். மேலே போனதும் பனிமூட்டத்தில் புள்ளிமான் கூட்டம் ஒன்று. ஆசனூர் தாண்டி ஒரு காட்டெருமை, நம் பாத்திரக் கடை நண்பர் சொன்னதுபோல் "அண்டாவுக்குக் கால் முளைத்த மாதிரி" நின்றது. புலி கண்ணில் படவில்லை.

காரப்பள்ளம் சோதனைச் சாவடிக்குச் சற்று முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. எதிரே வந்த கரும்பு லாரியைக் குட்டியுடன் ஒரு பெண் யானை மறித்து நின்றது. துதிக்கையை நீட்டிக் கரும்பை உருவி, பாதியைக் குட்டியின் முன்னால் போட்டது. மண்டி நண்பர் ஹாரன் மேல் கை வைத்தார். பக்கத்து லாரி டிரைவர் கையை ஆட்டித் தடுத்தார். "அடிக்காதீங்க சார், குட்டி இருக்கு. திரும்புச்சுன்னா உங்க காருதான் முதல்லே" என்றார். நண்பர் கையை எடுத்துக்கொண்டார். முக்கால் மணி நேரம் அப்படியே இருந்தோம்.

அந்த நேரத்தில் டிரைவர் சொன்ன விவரம் நமக்குப் புதிது. சர்க்கரை ஆலைக்குப் போகும் லாரிகளில் அளவுக்கு மீறி ஏற்றிய கரும்பு சாலையில் விழுகிறது; சிலர் தாங்களாகவும் தூக்கிப் போடுகிறார்கள். ஒரு நாளைக்கு 150 கிலோ தீனி தேடி அலையும் பிராணிக்கு இது நோகாமல் கிடைக்கும் விருந்து. பிறகு அது சாலையைவிட்டு நகருமா?

இதை நாம் அறியாதவர்களா? ஒரு நாள் கொசுறு கொடுத்துப் பழக்கினால் மறுநாள் வாடிக்கையாளர் அதை உரிமையாகவே கேட்பார். கொசுறால் நமக்குப் போவது கால் ரூபாய் சரக்கு. அங்கே போவது உயிர். யானையின் உயிரோ, டிரைவரின் உயிரோ.

யார் அவசரம்?

இந்தச் சாலையில் வண்டி அடிபட்டு வனவிலங்குகள் இறந்ததால்தான் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரி 10 முதல் இரவுப் போக்குவரத்துத் தடை நடைமுறைக்கு வந்தது. பந்திப்பூர் வழியில் இரவுத் தடை 2009-லேயே வந்துவிட்டது. இதனால் நமக்கு நஷ்டம் இல்லை என்று சொல்லமாட்டோம். அழுகும் சரக்கு வைத்திருப்பவனுக்கு ஓர் இரவு என்பது ஒரு வாரத்து லாபம்.

ஆனால் வேகம் யாருடையது என்று யோசித்தோம். லாரி டிரைவருக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் போட்டு "எங்கே வர்றே, சீக்கிரம் வா" என்பவர்கள் நாம்தான். வளைவில் அவர் மிதிக்கும் ஆக்சிலேட்டரில் நம் காலும் இருக்கிறது.

மலை இறங்கும்போது மண்டி நண்பர் அதிகம் பேசவில்லை. பண்ணாரியில் டீ குடிக்கும்போதுதான் வாய் திறந்தார். "அன்னைக்கு லோடு ஏத்தினதே மூணு மணிக்கு மேலே. பெட்டி வரலைன்னு நான்தான் நிறுத்தி வெச்சேன்" என்றார். இப்போது பெட்டிகளை முதல் நாளே அனுப்பி, மதியத்துக்குள் லோடு ஏற்றிவிடச் சொல்கிறார். வாடகை கொஞ்சம் கூடுகிறது, தக்காளி கெடவில்லை.

உறுப்பினர்களுக்கு நம் வேண்டுகோள் இதுதான். அந்த வழியாகச் சரக்கு வரவழைப்பவர்கள் நேரத்தையும் எடைக் கட்டுப்பாட்டையும் லாரி ஆபீசில் முன்கூட்டியே விசாரித்து ஏற்றுங்கள். குடும்பத்தோடு காரில் போகிறவர்கள் மெதுவாகப் போங்கள், இறங்காதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள், தீனி எதுவும் போடாதீர்கள், பிளாஸ்டிக் பையை வீட்டுக்கே திரும்பக் கொண்டு வாருங்கள்.

நம் கடைக்கு ஷட்டர் இறக்கும் நேரம் ஒன்று உண்டு. காட்டுக்கும் அப்படி ஒரு நேரம் இருக்கட்டுமே.