பாலம் எழும்வரை பாரம் சுமந்த சந்துகள்

கோவையின் உக்கடம் – ஆத்துப்பாலம் மேம்பாலத்தின் நீளம் 3.8 கிலோமீட்டர். 2018-ல் வேலை தொடங்கி, 2024 ஆகஸ்ட் 9-ஆம் தேதிதான் திறந்தார்கள். முதலில் கரும்புக்கடை வரைதான் திட்டம். பிறகு ஆத்துப்பாலம் வரை நீட்டினார்கள். உயரழுத்த மின்கம்பிகளை மாற்றவும் வேண்டியிருந்தது. அத்தனை ஆண்டுகளும் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து கோவைக்குள் வந்தவர்களுக்குக் கைகொடுத்தது புட்டுவிக்கி ரோடு. கோவைப்புதூர் பிரிவில் திரும்பி, சுண்டக்காமுத்தூர் தொட்டு, நொய்யல் மேல் இருக்கும் புட்டுவிக்கிப் பாலத்தைத் தாண்டினால் செல்வபுரம். பைக்கும் பால் வண்டியும் போய்வந்த அந்தச் சாலை, பெரிய வண்டிகளையும் தாங்க வேண்டியதாயிற்று.

பொள்ளாச்சி ரோட்டில் வந்தவர்கள் போத்தனூர், நஞ்சுண்டாபுரம் வழியாக இராமநாதபுரம் பிடித்தார்கள். அங்கே போனால் திருச்சி ரோட்டில் இன்னொரு மேம்பாலத்துக்குத் தூண் எழும்பிக்கொண்டிருந்தது! 3.15 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தை 2022 ஜூனில்தான் திறந்தார்கள். மேட்டுப்பாளையம் ரோட்டில் கவுண்டம்பாளையம் பாலமும் அதே மாதம்தான் திறந்தது. இடையில் 2020 டிசம்பரில் அவிநாசி ரோட்டிலும் வேலை ஆரம்பம். ஆக, சுமார் ஒன்றரை ஆண்டு பொள்ளாச்சி, திருச்சி, மேட்டுப்பாளையம், அவிநாசி என நகரத்தின் நான்கு பெரிய சாலைகளிலும் ஒரே நேரத்தில் பாலம் வேலை. ஒரு தடுப்பைச் சுற்றிப் போனவர் அடுத்த தடுப்பில் போய் நின்றார். வேலைகளை வரிசைப்படுத்த யாரும் மெனக்கெடவில்லை என்பதே என் வருத்தம்.

மேம்பாலம் நடுரோட்டில்தான் பிறக்கிறது. பூமியைத் துளைக்கும் ராட்சத இயந்திரம் நிற்க இடம் வேண்டும். தூணின் அடித்தளத்துக்குப் பெரிய குழி வேண்டும். குறுக்கே வரும் குடிநீர்க் குழாய், சாக்கடை, கேபிள் எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டும். அதற்காகத் தகரத் தடுப்பு வைத்தால், இருபுறமும் மிஞ்சுவது ஒரு பஸ் நுழையும் அகலம். உத்திரம் தூக்கும் இரவுகளில் அதுவும் இல்லை. இதைத் தவிர்க்க முடியாது. ஆனால் தடுப்புக்கு வெளியே வண்டிகள் எங்கே போகும் என்பதை முன்பே யோசிக்கலாமே.

அவிநாசி ரோட்டில் அந்த யோசனையை மக்களே செய்துகொண்டார்கள். "ஹோப்ஸ் பக்கம் போனா மாட்டிக்குவீங்க, சுத்திப் போயிருங்க" என்று ஆட்டோக்காரர் சொல்வார். பீளமேட்டிலிருந்து வடக்கே போக வேண்டுமா, தண்ணீர்ப்பந்தல் ரோடு, விளாங்குறிச்சி, கணபதி. தெற்கே என்றால் சௌரிபாளையம், புலியகுளம். செல்போன் வரைபடம் நூறு பேரையும் ஒரே சந்துக்குள் அனுப்பும். அங்கே காலையில் தண்ணீர் லாரி நிற்பது அதற்குத் தெரியாது, ஆட்டோக்காரருக்குத் தெரியும்.

பைக் சந்தில் புகுந்துவிடும். டவுன் பஸ் புகாது. 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு, 1,791 கோடி ரூபாயில் கட்டி, 2025 அக்டோபர் 9-ல் திறந்த அவிநாசி ரோடு பாலத்துக்கு ஜி.டி.நாயுடு பெயர். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒற்றை பஸ் ஓட்டித் தொழிலைத் தொடங்கியவர் அவர். பாலம் வேலையில் அதிகம் காத்துக் கிடந்தவர்களும் பஸ் பயணிகள்தான். மாற்றுவழி பற்றிய பேச்சில் அவர்களை முதலில் வைக்க வேண்டும்.

மாற்றுவழியை அரசே அமைத்துத் தந்த இடமும் உண்டு. அமெரிக்காவின் மினியாபொலிஸில் 2007 ஆகஸ்ட் 1 அன்று மிசிசிப்பி ஆற்றுப் பாலம் இடிந்தது. நாளுக்குச் சுமார் 1,40,000 வண்டிகள் போன பாலம். அரசு சில நாட்களிலேயே பக்கத்து நெடுஞ்சாலையின் சிக்னல் சந்திப்புகளை மூடித் தடையில்லாமல் ஓடவிட்டது. இன்னொன்றில் சாலையோரப் பகுதியையும் தடமாக்கியது. எதிர்பாராத விபத்துக்கே அதைச் செய்ய முடிந்தது. நாம் கட்டும் பாலங்களுக்கோ வருடக்கணக்கில் முன்னறிவிப்பு இருக்கிறது.

அதனால் மாற்றுச் சாலையைச் செப்பனிடும் செலவு பாலத்தின் மதிப்பீட்டிலேயே இருக்க வேண்டும். தார் போட்டு, தெருவிளக்கு போட்டு, ஓரத்தில் நிறுத்துவதைத் தடுத்த பிறகே தகரத் தடுப்பு வர வேண்டும். உக்கடத்துக்குப் பின் மேட்டுப்பாளையம் ரோட்டில் சாய்பாபா காலனியிலும் மேம்பால வேலை வந்தது. அங்கே விலகும் வண்டிகளுக்குத் தடாகம் ரோடும் இடையர்பாளையமும்தான் கதி. அந்த ரோட்டோரத்தில் குடியிருப்பவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?