பணத்தின் பெயரே ‘மழை’... போட்ஸ்வானாவின் பச்சை சீசனுக்குப் போகலாமா?

போட்ஸ்வானா நாட்டின் பணத்துக்கு என்ன பெயர் தெரியுமா? ‘புலா’. செட்ஸ்வானா மொழியில் அதற்கு ‘மழை’ என்று அர்த்தம். அரசு முத்திரையில் பொறித்திருக்கும் ஒரே வார்த்தையும் இதுதான். கூட்டங்களில் தலைவர் பேசி முடித்ததும் மக்கள் ‘புலா!’ என்று குரல் கொடுக்கிறார்கள். 1976-ல் தென்னாப்பிரிக்காவின் ராண்டை விட்டுவிட்டு சொந்தப் பணம் அச்சடித்தபோது, வேறு எந்தப் பெயரும் இவ்வளவு பொருந்தியிருக்காது. நாட்டின் பெரும்பகுதி கலஹாரி மணல். அங்கே மழையைவிடப் பெரிய சொத்து எது?

ஆனால், சஃபாரி விளம்பரங்களைப் பார்த்தால் மழை என்பது தப்பித்து ஓடவேண்டிய சமாசாரம் போலத் தோன்றும். ஜூன் முதல் அக்டோபர் வரைதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். காரணம் இருக்கிறது. அந்த மாதங்களில் குளம் குட்டை வற்றி, விலங்குகள் ஆற்றங்கரைக்கு வந்தே ஆகவேண்டும். இலையுதிர்ந்த காட்டில் அவை கண்ணில் படுவதும் சுலபம். ‘குறைந்த கூட்டம், அதிக வருமானம்’ என்பது போட்ஸ்வானாவின் சுற்றுலாக் கொள்கை. அதனால் சீசனில் லாட்ஜ் வாடகையைக் கேட்டாலே தலை சுற்றும். நவம்பர் வாக்கில் முதல் மழை இறங்கியதும் கூட்டம் குறைகிறது, ரேட்டும் இறங்குகிறது. டிராவல் ஏஜென்ட்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘பச்சை சீசன்’. மழைக்காலம் என்று சொன்னால் யார் டிக்கெட் போடுவார்கள்!

சரி, பணம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் போகலாமா? எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது.

கலஹாரியில் கணக்கு தலைகீழ்

சோபே ஆற்றங்கரையில் யானைக் கூட்டம் பார்ப்பதுதான் உங்கள் கனவு என்றால், மழையில் போகாதீர்கள். காட்டுக்குள் எங்கு பார்த்தாலும் தண்ணீர் தேங்கியிருக்கும்போது யானை ஏன் ஆற்றுக்கு வரப்போகிறது? மொபானே காடுகளுக்குள் கலைந்து போய்விடும்.

மத்திய கலஹாரி சரணாலயம் அப்படியில்லை. 1961-ல் உருவான இது சுமார் 52,800 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. வறண்ட மாதங்களில் அங்கே பார்க்க அதிகம் இல்லை. மழை விழுந்த சில நாட்களில் டிசெப்ஷன் பள்ளத்தாக்கு போன்ற பழைய ஆற்றுப்படுகைகளில் புல் முளைக்கும். அதைத் தேடி ஸ்பிரிங்பாக், ஜெம்ஸ்பாக் மான்கள் வரும். பின்னாலேயே கறுப்புப் பிடரி சிங்கங்களும் சிவிங்கிப் புலிகளும் வரும். அதாவது, கலஹாரிக்கு மழைக்காலம்தான் உண்மையான சீசன்.

ஒகவாங்கோ டெல்டா இன்னொரு விசித்திரம். நவம்பர் முதல் மார்ச் வரை அங்கோலா மலைகளில் பெய்யும் மழை, மெல்ல நகர்ந்து டெல்டாவை நிரப்பி முடிக்க ஜூன், ஜூலை ஆகிவிடும். போட்ஸ்வானாவில் ஒரு துளி மழை இல்லாத குளிர்காலத்தில் வெள்ளம் வருகிறது! அந்தத் தண்ணீர் கடலுக்கும் போவதில்லை. ஆவியாகியும் மணலில் இறங்கியும் அங்கேயே முடிந்துவிடுகிறது.

வேலி போனது, வழி திரும்பியது

இந்த சீசனில் என்னை அதிகம் இழுப்பது வரிக்குதிரைகள்தான். மழை தொடங்கியதும் ஒகவாங்கோவிலிருந்து ஆயிரக்கணக்கில் கிளம்பி மக்காடிக்காடி உப்புச் சமவெளிப் புல்வெளிகளுக்குப் போகின்றன. போக வர 500 கிலோமீட்டருக்கு மேல். 1968-ல் இந்தப் பாதையின் குறுக்கே வேலி போட்டார்கள். காட்டெருமைகளிடமிருந்து கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவாமல் தடுக்கப் போடும் வேலி அது. மாட்டிறைச்சி ஏற்றுமதியை நம்பிய நாட்டுக்கு அது அவசியமாகத் தெரிந்தது. பயணம் நின்றுபோனது.

2004-ல் வேலியை எடுத்தார்கள். காட்டில் ஒரு வரிக்குதிரை அதிகம் போனால் 20 ஆண்டுகள் வாழும். பழைய பாதையில் நடந்த ஒன்றுகூட அப்போது உயிரோடு இருந்திருக்க வழியில்லை. ஆனாலும் சில ஆண்டுகளுக்குள் வரிக்குதிரைகள் அதே திசையில் நடக்க ஆரம்பித்துவிட்டன! கழுத்தில் ஜி.பி.எஸ் பட்டை கட்டித்தான் ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். சோபே ஆற்றுப் பக்கமிருந்து நக்சாய் சமவெளிக்குப் போகும் இன்னொரு வரிக்குதிரைப் பயணம் 2014-ல்தான் உலகுக்குத் தெரியவந்தது. நல்ல மழை பெய்த ஆண்டுகளில் மக்காடிக்காடியின் கிழக்குப் பகுதியில் தண்ணீர் தேங்கி, பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து குஞ்சு பொரிக்கும்.

தண்ணீர் யாருக்கு?

கலஹாரியைப் பற்றி எழுதிவிட்டு சான் மக்களை விட்டுவிட முடியாது. வேட்டையாடியும் கிழங்கு, காட்டுத் தர்பூசணி சேகரித்தும் அந்தச் சரணாலயத்துக்குள்ளேயே தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள். 1997-லும் 2002-லும் அரசு அவர்களை வெளியேற்றியது. மொத்தோமெலோ என்ற இடத்திலிருந்த ஆழ்துளைக் கிணறும் மூடப்பட்டது. 2006-ல் உயர் நீதிமன்றம், வெளியேற்றியது சட்டவிரோதம் என்றது. திரும்பி வந்தவர்களுக்குக் கிணறு மட்டும் கிடைக்கவில்லை. மழை பெய்தால் தண்ணீர், இல்லாவிட்டால் தர்பூசணிச் சாறு. அதே சரணாலயத்துக்குள் நீச்சல் குளத்தோடு ஒரு சுற்றுலா லாட்ஜ் திறந்தது இந்த இடைவெளியில்தான். 2011 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கிணற்று உரிமையைக் கொடுத்தது. அங்கே அறை எடுப்பவர்கள் இந்தக் கதையையும் தெரிந்துகொண்டு போவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

மழை பொய்த்தால் என்ன ஆகும் என்பதை 2024-ல் உலகமே பார்த்தது. எல் நினோ வறட்சியில் மவுன் நகரத்தை ஒட்டிய பகுதிகளில் குட்டைகள் சேறாகி, நீர்யானைகள் அதில் சிக்கிக் கிடந்தன. அடுத்த ஆண்டு பிப்ரவரியிலேயே தலைநகர் கபரோனியில் வெள்ளம்!

கிளம்புபவர்களுக்கு...

ஜோகன்னஸ்பர்க் வழியாக மவுனுக்கு விமானத்தில் போகலாம். மழை பெரும்பாலும் பிற்பகலில் இடி மின்னலோடு கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். காலை வெளிச்சம் புகைப்படத்துக்கு அருமை. வெயிலும் புழுக்கமும் கடுமையாக இருக்கும்.

பெரிய சிக்கல் சாலைதான். களிமண் பகுதியில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகூட அச்சுவரை புதைந்துவிடும். சரணாலயத்துக்குள் போன் சிக்னலை எதிர்பார்க்கக் கூடாது. நீங்களே வண்டி ஓட்டுவதாக இருந்தால் இரண்டு வண்டியாகப் போங்கள், சேட்டிலைட் போன் வைத்துக்கொள்ளுங்கள். முதல்முறை போகிறவர்கள் உள்ளூர் வழிகாட்டியோடு போவதே புத்திசாலித்தனம். சில முகாம்கள் இந்த மாதங்களில் மூடியிருக்கும் என்பதால், முன்பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள்.

வடக்குப் பகுதிகளில் மழை மாதங்களில்தான் மலேரியா அதிகம். டாக்டரிடம் கேட்டு, தடுப்பு மாத்திரையைப் பயணத்துக்கு முன்பே தொடங்கி, திரும்பி வந்த பிறகும் அவர் சொன்ன நாள் வரை விடாமல் சாப்பிட வேண்டும். வரிக்குதிரைகளுக்காகத்தான் போகிறீர்கள் என்றால் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் தேதி பாருங்கள்.