மூன்று அறைக்கு ஒரே வெளிப்பெட்டி: எப்படி?

சென்னை அடுக்குமாடியில் ஒரு வீடு. ஹால், இரண்டு படுக்கையறை. பால்கனியில் ஒரே ஒரு ஏசி வெளிப்பெட்டிக்குத்தான் இடம். அதுவே மூன்றையும் குளிர்விக்குமா?

குளிர்விக்கும். மல்டி ஸ்ப்ளிட் என்பார்கள். வெளிப்பெட்டியின் இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். ஒவ்வோர் அறைக்கும் தனி ஜோடிச் செம்புக்குழாய். ஒவ்வொரு பாதையிலும் மின்னணு வால்வு. அதற்குள் ஓர் ஊசி, சின்ன மோட்டார் சுழலச் சுழல, மயிரிழை மயிரிழையாக ஏறி இறங்கும். ஹாலில் வெயில் அடித்தால் அங்கே ஊசி மேலேறிக் கூடுதல் குளிர்திரவத்தை விடும். ஆளில்லாத அறைக்கு வழி அடைபடும். இதே எண்ணத்தைப் பெரிய கட்டடங்களுக்காக ஜப்பானின் டைகின் 1982-ல் விஆர்வி என்று கொண்டுவந்தது.

வாங்கும்போது டன்னை வெறுமனே கூட்டாதீர்கள். ஒரு டன் என்றால் சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். பகலில் ஹால், இரவில் படுக்கையறை என்று மாறிமாறி ஓடும் வீட்டுக்கு முழுக் கூட்டுத்தொகை வேண்டாம். கம்ப்ரஸரின் வேகத்துக்குக் கீழ் எல்லையும் உண்டு. அளவு மீறிய பெட்டி ஒரு சிறு அறைக்காக ஓடினால் அடிக்கடி நின்று நின்று கிளம்பும். குளிர் இருக்கும், ஈரப்பதம் இறங்காது. நம் கடலோரக் காற்றில் இது பெரும் தொல்லை.

இன்னொன்று: வெளிப்பெட்டி பழுதானால் வீடு முழுக்கப் புழுக்கம்தான். இடமிருந்தால் தனித்தனி ஏசிக்கே என் ஓட்டு.