பம்புசெட்டில் தண்ணீர் குறைகிறதா? மோட்டாரை மாற்றும் முன் குழாயைப் பாருங்கள்

பங்குனி, சித்திரை மாதங்களில் கிணற்றுப் பாசன விவசாயிகளிடமிருந்து வரும் முறையீடு ஒன்று உண்டு. "மோட்டார் நன்றாகத்தான் ஓடுகிறது, தண்ணீர்தான் முன்போல் விழவில்லை" என்பதே அது. வாழையும் கரும்பும் வாடும் வேளையில் யாருக்கும் பொறுமை இராது. சிலர் 5 குதிரைத்திறன் மோட்டாரைக் கழற்றிவிட்டு, கடன் வாங்கி 7.5 குதிரைத்திறன் மோட்டார் வைக்கிறார்கள். கடன் ஏறுகிறது, தண்ணீர் ஏறுவதில்லை. கோளாறு பெரும்பாலும் மோட்டாரில் இல்லாமல் கிணற்றுக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயில் இருப்பதே இதற்குக் காரணம்.

பம்பு எவ்வளவு ஆழத்திலிருந்து எடுக்கும்?

திறந்த கிணறுகளில் மேடை கட்டி வைக்கும் சென்ட்ரிபியூகல் பம்பு தண்ணீரைக் கயிறு கட்டி இழுப்பதுபோல் இழுப்பதில்லை. அது உறிஞ்சு குழாயில் வெற்றிடம் உண்டாக்குகிறது. கிணற்று நீரின் மேல் அழுத்தும் காற்று தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. கடல் மட்டத்தில் இந்தக் காற்றழுத்தம் 10.3 மீட்டர், அதாவது சுமார் 34 அடி உயரத்துக்கே தண்ணீரைத் தாங்கும். சுமார் 400 மீட்டர் உயரத்தில் உள்ள கோவைப் பகுதியில் இதில் அரை மீட்டர் குறையும். குழாயின் உராய்வு, புட்வால்வின் தடை ஆகியவற்றையும் கழித்தால், நடைமுறையில் 20 அடி வரைதான் பம்பு திறமையாக இறைக்கும். அதற்குமேல் எத்தனை குதிரைத்திறன் வைத்தாலும் பயன் இல்லை.

முதலில் அளந்து பாருங்கள்

200 லிட்டர் டிரம் ஒன்றைக் குழாய் வாயில் வைத்து, அது நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 20 வினாடியில் நிரம்பினால் வினாடிக்கு 10 லிட்டர் வருகிறது என்று பொருள். பம்பு நல்ல நிலையில் இருக்கும்போதே இதை அளந்து, அன்றைய நீர்மட்டத்துடன் குறித்து வைக்க வேண்டும். பின்னால் குறைவு தெரியும்போது ஒப்பிட்டுப் பார்க்க இதுவே துணை.

இரண்டு மானிகள்

உறிஞ்சு வாயில் ஒரு வெற்றிடமானியும், வெளியேற்று வாயில் ஓர் அழுத்தமானியும் பொருத்தினால் கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். இவற்றைப் பொருத்துவதற்கென்றே பல பம்புகளில் திருகு அடைப்புள்ள துளைகள் உண்டு. வெற்றிடமானியில் 25 மில்லிமீட்டர் என்பது சுமார் 1.1 அடி நீர் உயரத்துக்குச் சமம். அழுத்தமானியில் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்பது 10 மீட்டர், அதாவது 33 அடி உயரம்.

உதாரணமாக, பம்பிலிருந்து நீர்மட்டம் 15 அடி கீழே இருந்தால் வெற்றிடமானி 340 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். 550 காட்டினால் புட்வால்வு சல்லடையில் பாசி, இலை, சேறு அடைத்திருக்கலாம். அல்லது குழாய் சிறுத்திருக்கலாம். முள் 340-க்கும் கீழே இறங்கி நிலையில்லாமல் ஆடி, தண்ணீரும் விட்டுவிட்டு நுரைத்து விழுந்தால், எங்கோ காற்று நுழைகிறது என்று அறியலாம்.

உறிஞ்சு பக்கக் கோளாறுகள்

1. பம்பில் தண்ணீர் ஊற்றி நிரப்பிவிட்டுச் சிறிது நேரம் பாருங்கள். மட்டம் இறங்கினால், வெளியே ஒழுக்கும் தெரியாவிட்டால், புட்வால்வு சரியாக மூடவில்லை. வால்வின் தோல் தேய்ந்திருக்கலாம்; சிறு கல் சிக்கியிருக்கலாம்.

2. பம்பு ஓடும்போது ஒவ்வொரு குழாய் இணைப்பின் அருகிலும் புகையும் ஊதுவத்தியைக் காட்டுங்கள். புகை உள்ளே இழுக்கப்படும் இடமே கசிவு. களிமண் பூசுவது ஒரு நாள் வைத்தியம். பிளாஞ்சுக்குப் புதிய வாஷர் வைத்து, போல்ட்டுகளைச் சீராக முடுக்குவதே சரியான தீர்வு.

3. பம்பு ஓடும்போது கிளாண்டில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். அடியோடு விழாவிட்டால், அதன்மேல் சிறிது தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உடனே இறைப்பு கூடினால் அந்த வழியாகக் காற்று புகுந்திருக்கிறது. கிளாண்டு கயிற்றை மாற்ற வேண்டும்.

4. உறிஞ்சு குழாய் பம்பை நோக்கிச் சிறிது சிறிதாக உயர்ந்தே வர வேண்டும். நடுவில் மேடு இருந்தால் அங்கே காற்று தங்கும். பம்பு வாய் 65 மில்லிமீட்டர் என்றால் குழாய் 80 மில்லிமீட்டராக இருப்பது நல்லது. சட்டென்று திரும்பும் எல்போவுக்குப் பதில் நீண்ட வளைவு போடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற, தடை குறைந்த புட்வால்வையே வாங்குங்கள்.

5. புட்வால்வு கிணற்றின் அடியிலிருந்து ஓர் அடியாவது மேலேயும், நீர்மட்டத்துக்கு இரண்டு அடியாவது கீழேயும் இருக்க வேண்டும். தண்ணீர் சுழித்தால் அந்தச் சுழி வழியாகவும் காற்று புகும்.

பம்புக்குள் சரளைக்கல் உருள்வது போன்ற சத்தம் கேட்டால் உறிஞ்சும் உயரம் அளவு மீறிவிட்டது என்று கொள்ளலாம். அப்படியே ஓட்டினால் இம்பெல்லர் அரிக்கப்படும். பம்பு மேடையைக் கீழே இறக்க வேண்டும். இறக்க வழியில்லாத ஆழக் கிணறுகளுக்கு நீர்மூழ்கிப் பம்பே ஏற்றது. அது தண்ணீருக்குள்ளேயே இருந்து தள்ளுவதால் உறிஞ்சும் தொல்லை இல்லை.

வெளியேற்றும் பக்கம்

உறிஞ்சு பக்கம் சரியாக இருந்தும் தண்ணீர் குறைந்தால் அழுத்தமானியைப் பாருங்கள். அழுத்தம் வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் குழாயில் அடைப்பு உண்டு, அல்லது வால்வு முழுதும் திறக்கவில்லை. அழுத்தம் குறைந்திருந்தால் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், குப்பை சிக்கியிருக்கலாம், அல்லது மோட்டார் எதிர்த்திசையில் சுற்றலாம். மும்முனை மின் இணைப்பைப் பழுது பார்த்த பிறகு கம்பிகள் மாறிவிடுவது உண்டு. அப்போது தண்ணீர் வரும், ஆனால் குறைவாக வரும். பம்பின் மேலுள்ள அம்புக்குறியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண்ணெய் எஞ்சினில் பெல்ட் வழுக்கி வேகம் 10 சதம் குறைந்தால், பம்பு தூக்கும் உயரம் 19 சதம் குறையும். தொட்டிக்கு மேலே குழாய் வாயைத் தேவையின்றி உயர்த்தி வைப்பதும் வீண்; தாழ்த்தினால் தண்ணீர் கூடும்.

உயிருக்கு எச்சரிக்கை

பம்பைத் தொடுமுன் மெயின் சுவிட்சை நிறுத்தி, பியூஸ் கட்டைகளையும் எடுத்துவிடுங்கள். புட்வால்வைச் சுத்தம் செய்யக் குழாயை மேலே தூக்குங்கள். முடிந்தவரை கிணற்றில் இறங்க வேண்டாம். நெடுநாள் புழங்காத கிணற்றில் நச்சுக்காற்று தங்கியிருக்கும். மயங்கியவரைக் காப்பாற்ற இறங்குபவரும் மயங்கிவிடும் விபரீதம் உண்டு. எனவே தனியாக ஒருபோதும் இறங்கக் கூடாது. உயிரற்ற பம்புக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

வெற்றிடமானியும் அழுத்தமானியும் தினமும் தேவைப்படுபவை அல்ல. பக்கத்துத் தோட்டக்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு ஜோடி வாங்கி, மாறி மாறிப் பயன்படுத்தலாம். கோடை தொடங்கும் முன், மாசி மாதத்திலேயே ஒருமுறை சோதித்துவிட்டால், பயிர் பூவும் பிஞ்சுமாக நிற்கும்போது மெக்கானிக்கைத் தேடி அலைய வேண்டியதில்லை. புது மோட்டாருக்குப் போகும் பணமும் மிஞ்சும்.