புகை தீட்டும் ஓவியம்

மட்கலம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது குயவரின் திகிரியே. மண்ணைச் சுழற்றி வடிவம் தந்ததும் கலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். பாதிக் கலை சூளையில் அன்றோ நிகழ்கிறது! பெங்களூரின் மட்கலைக் கூடங்களில் இன்று பலர் விரும்பிப் பயிலும் 'ராக்கு' என்னும் சுடுமுறையே இதற்குச் சான்று.

ராக்கு பிறந்தது ஜப்பானில். 16ஆம் நூற்றாண்டில், கியோட்டோ நகரில், தேநீர்க் கலையின் ஆசான் சென் நோ ரிக்கியுவின் விருப்பப்படி சோஜிரோ என்பவர் திகிரியின்றிக் கையாலேயே கிண்ணங்கள் வனைந்தார். சித்திர வேலைப்பாடு எதுவுமற்ற கறுப்புக் கிண்ணங்களும் சிவப்புக் கிண்ணங்களும் அவை. உள்ளங்கையில் பொருந்தும் இனிமையே அவற்றின் அழகு.

இங்கு நாம் காணும் ராக்கோ அமெரிக்கா வழியே வந்தது. 1960ஆம் ஆண்டையொட்டிப் பால் சோல்ட்னர் என்ற கலைஞர் அதில் புகையைப் புகுத்தினார். ஏறத்தாழ 1000 டிகிரி செண்டிகிரேடு வெப்பத்தில் செந்தணலாய்க் கனலும் கலத்தை இடுக்கியால் எடுத்து, மரத்தூளில் இட்டு மூடிவிடுகிறார்கள். எரியும் தூள் உள்ளிருக்கும் பிராணவாயுவைத் தின்றுவிட்டு, கண்ணாடிப் பூச்சிலுள்ள தாமிரத்தோடு கலந்திருக்கும் வாயுவையும் பறிக்கிறது. பச்சையாக வரவேண்டிய பூச்சு செம்பாய் மின்னுகிறது! திடீரெனக் குளிர்வதால் பூச்சில் மயிரிழை வெடிப்புகள் தோன்ற, அவற்றில் கரி புகுந்து கோலமிடுகிறது. எந்தக் கோடு எங்கே விழும் என்பதை வனைந்தவரே அறியார். செம்பொளியைவிட இக்கரிக்கோடுகளே எனக்கு இனியவை. ஒளி நாளடைவில் காற்றுப்பட்டு மங்கும், கோடு மங்காது. (இக்கலங்களில் நீர் கசியும், சாம்பார் ஊற்ற ஆசைப்பட வேண்டாம்.)

ஆனால் புகையால் வண்ணம் தீட்டும் வித்தை நமக்குப் புதிதா? ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும், 1947இல் வீலர் அகழ்ந்த கருநாடகத்துப் பிரம்மகிரியிலும் கிடைத்த கறுப்பு சிவப்புக் கலங்களை நினைத்துப் பாருங்கள். கலத்தைக் கவிழ்த்துச் சுட்டனர் என்பது பலரும் ஒப்பும் விளக்கம். காற்றுப்படாத உட்புறமும் விளிம்பும் கறுத்தன. காற்றுப்பட்ட புறம் சிவந்தது. மண் ஒன்றே, அதிலுள்ள இரும்பும் ஒன்றே! கண்ணாடிப் பூச்சு இல்லை. கனலும் கலத்தை வெளியே எடுப்பதும் இல்லை. ஆகவே இதனை ராக்கு என்று சொல்லிவிட முடியாது. ராக்குக் கலைஞர் தற்செயலை வரவேற்கிறார். நம் குயவரோ கறுப்பு எங்கே நிற்க வேண்டும் என்று நெருப்புக்கே எல்லை வகுத்தார். அதனைக் காலக் கணக்குக்கு மட்டும் பயன்படும் ஓடாகக் கருதி, கியோட்டோக் கிண்ணத்தை மட்டும் கலையென்று வியப்பது எவ்வகை நியாயம்?

விடுமுறையில் மதுரைப் பக்கம் செல்லும் நண்பர்கள், 2023இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். கலத்தின் விளிம்புக்குச் சற்றுக் கீழே, கறுப்பு மெல்லச் சிவப்பாக மாறும் அந்த இடத்தைப் பாருங்கள்.